துப்பாக்கி கையில் இருந்தால் சுதந்திரம் கூடுமா?

பள்ளத்தூரில் பிறந்து இப்போது டெக்சாஸில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கூட வேலை பார்க்கும் அமெரிக்க நண்பர், "சொந்தமாகத் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை இல்லாதவன் முழுச் சுதந்திரம் உள்ளவன் இல்லை. உங்களை வெள்ளைக்காரன் ஆள முடிந்ததே அதனால்தான். காந்தியே அப்படிச் சொல்லியிருக்கிறார்" என்கிறாராம். தம்பிக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கூடவே இன்னொன்றும் கேட்கிறார். அப்பச்சி (அப்பா) ஊரில் அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார், ஐயா (தாத்தா) காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி பெட்டகசாலையில் கிடக்கிறது, அதற்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாமா என்கிறார். இவை இரண்டு கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: யாரையும் அண்டி நிற்காமல் ஒரு மனிதன் தன்னைத் தானே காத்துக்கொள்ள முடிந்தால்தான் அவன் சுதந்திரமானவனா?

நான் தேவகோட்டையில் வக்கீல் தொழில் செய்கிறேன். துப்பாக்கி உரிமம் கேட்கும் மனுக்கள், மறுக்கப்பட்டால் மேல்முறையீடு, உரிமத்தை ரத்து செய்தால் அதை எதிர்த்து வழக்கு என்று பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். துப்பாக்கி கேட்டு வந்தவர்களுக்காகத்தான் பெரும்பாலும் வாதாடியிருக்கிறேன், அதனால் அவர்கள் மீது எனக்கு வெறுப்பு எதுவும் கிடையாது. சட்டமும் ஓரளவு இந்தப் பக்கத்து வரலாறும் எனக்குத் தெரியும். அமெரிக்க ஆய்வுகளை வாசகனாகத்தான் படித்திருக்கிறேன், புள்ளியியல் என் துறை அல்ல. எதை உறுதியாகச் சொல்கிறேன், எதை என் கருத்தாகச் சொல்கிறேன் என்பதை அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

முதலில் வெள்ளைக்காரன் விஷயம். ஆயுதம் இல்லாததால் தோற்றோம் என்பதைச் சிவகங்கைச் சீமையில் பிறந்த யாரும் ஒப்புக்கொள்ள முடியாது. மருது சகோதரர்களிடம் வளரி, வேல் மட்டுமா இருந்தது? துப்பாக்கியும் இருந்தது, காளையார்கோவில் காட்டைத் தெரிந்த ஆட்களும் இருந்தார்கள். 1801 ஜூனில் வெள்ளையரை எதிர்க்கச் சொல்லித் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் அறிக்கை ஒட்டிவிட்டு, அக்டோபர் வரை கம்பெனிப் படையைத் திணறடித்தார்கள். அவர்கள் தோற்றதற்குப் பீரங்கி ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பிளவு. புதுக்கோட்டைத் தொண்டைமானும் எட்டயபுரமும் கம்பெனி பக்கம் நின்றார்கள். படமாத்தூர் கௌரி வல்லபரைச் சிவகங்கைக்கு உரியவர் என்று கம்பெனி அறிவித்ததும் சீமைக்குள்ளேயே விசுவாசம் இரண்டாகியது. அக்டோபர் 24-ஆம் தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு அப்புறம், டிசம்பரில்தான் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் அரசு அனுமதி இல்லாமல் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று பிரகடனம் போட்டார், கோட்டைகளும் இடிக்கப்பட்டன. இந்த வரிசையைக் கவனியுங்கள். ஆயுதத்தைப் பறித்ததால் நாடு போகவில்லை. நாடு போன பிறகுதான் ஆயுதத்தைப் பறித்தார்கள். கம்பெனிக்காகத் துப்பாக்கி தூக்கியவர்களிலும் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள்தான்.

அடுத்தது காந்தி. உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. 1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டத்தை, ஆங்கிலேய ஆட்சியின் தீமைகளிலேயே மிகக் கரியது என்று வரலாறு சொல்லும் என்று காந்தி எழுதினார். ஆனால் எங்கே எழுதினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1918-இல் குஜராத்தின் கேடா பகுதியில், முதல் உலகப் போருக்கு ஆள் சேர்க்கப் போட்ட துண்டறிக்கை அது. ஆயுதச் சட்டம் போக வேண்டுமானால், ஆயுதம் பழக வேண்டுமானால், பட்டாளத்தில் சேருங்கள் என்பதுதான் அதில் அவர் சொல்ல வந்தது. அந்தச் சட்டத்தில் வலிக்கும் விஷயம் இன்னொன்றும் உண்டு. அதில் ஐரோப்பியருக்கு விலக்கு இருந்தது, இந்தியருக்கு இல்லை. இன்னார் மனிதர், இன்னார் சந்தேகத்துக்குரியவர் என்று சட்டமே கோடு கிழித்தது. அது அவமானம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பின்னர் 1931-இல் கராச்சி காங்கிரஸின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் இடம்பெற்றது.

பிறகு என்ன ஆயிற்று என்பதை உங்கள் நண்பருக்கு அவசியம் சொல்லுங்கள். 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர் எச்.வி. காமத் அந்த உரிமையை அரசியலமைப்பில் சேர்க்கச் சொல்லித் திருத்தம் கொண்டுவந்தார். எந்த ஆயுதத்தையும் யார் வேண்டுமானாலும் தடையின்றிக் கடையில் வாங்கலாம் என்றால் ஓர் அரசு எப்படி நடக்கும் என்று கேட்டு அம்பேத்கர் எதிர்த்தார். திருத்தம் ஏற்கப்படவில்லை. அடக்குமுறையை ஏட்டில் படித்தவர் இல்லை அம்பேத்கர், அதன் கீழே பிறந்து வளர்ந்தவர். இன்று நம் அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவில் இருப்பது, அமைதியாக, ஆயுதமின்றிக் கூடும் உரிமை. துப்பாக்கி இங்கே உரிமை இல்லை, 1959-ஆம் ஆண்டு படைக்கலச் சட்டத்தின்படி காரணம் காட்டிக் கேட்டுப் பெறும் உரிமம்.

அந்தச் சபை ஏன் அப்படி முடிவெடுத்தது என்று எனக்குப் புரிய வைத்தது டெல்லி அல்ல, எங்கள் பகுதியின் பழைய கதைதான். 1930, 31-இல் இந்தப் பகுதி ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தது. அப்போது இங்கே ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு முதலில் எட்டு, அடுத்த வருடம் பதினொன்று என்று தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் சட்டை போடக் கூடாது, முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. மண்சட்டி தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. இதையெல்லாம் விதித்தது வெள்ளைக்கார கவர்னர் இல்லை, அடுத்த தெருக்காரர். உங்கள் நண்பர் சொல்லும் சுதந்திரத்தில் இந்த அடுத்த தெருக்காரர் வருவதே இல்லை. அவருடைய கதையில் ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் மக்கள், நடுவே துப்பாக்கி. எங்கள் ஊர்க் கதையில் மக்களுக்குள்ளேயே பலம் உள்ளவர், இல்லாதவர் என்று இருக்கிறார்கள். துப்பாக்கி தடையின்றிக் கிடைத்திருந்தால், 1930-இல் அதை முதலில் வாங்கியிருப்பவர் யார்? நிலமும் பணமும் உள்ளவர்தான். குடை பிடித்து நடக்கும் சுதந்திரம் அதற்கு அப்புறம் இன்னும் தள்ளிப்போயிருக்கும். இது என் ஊகம்தான், ஆனால் ஊரை அறிந்தவன் சொல்லும் ஊகம்.

தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவியில் தேர் வடத்தை யார் பிடிப்பது என்ற வழக்கு எவ்வளவு காலம் நடந்தது என்பது உங்கள் அப்பச்சிக்குத் தெரிந்திருக்கும். பல வருடங்கள் ஓடாமல் நின்ற தேர் 2024-இல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி, பெரிய போலீஸ் காவலோடு, எல்லாச் சமூகத்தாரும் வடம் பிடிக்க ஓடியது. மனு, விசாரணை, வாய்தா, பேச்சுவார்த்தை என்று சலிப்பான வேலை அது. ஆனால் அந்த வேலைதான் ஒருவர் கையில் வடத்தைக் கொடுத்தது. "அங்கேயும் போலீஸ் துப்பாக்கி இருந்ததே" என்று உங்கள் நண்பர் கேட்டால், இருந்தது என்று ஒப்புக்கொள்ளுங்கள். ஆயுதமே இல்லாத அரசு எங்கும் கிடையாது. அந்தத் துப்பாக்கி ஓர் உத்தரவுக்குக் கட்டுப்பட்டது, அதனால் சுட்டவர் பதில் சொல்ல வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

அந்தப் பதில் எப்போதும் ஒழுங்காக வருகிறதா என்றால், இல்லை. உங்கள் நண்பரின் வாதத்தில் மிகவும் நியாயமான பகுதி இதுதான், இதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். 1920-இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது போலீஸ் சுட்டது. 2011-இல் பரமக்குடியில் 6 பேர், 2018-இல் தூத்துக்குடியில் 13 பேர். அரசு தன் மக்களைச் சுடும் என்பது எங்களுக்குக் கற்பனை இல்லை. ஆனால் தூத்துக்குடியில் கூடியவர்கள் கையிலும் துப்பாக்கி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். கூட்டத்தில் ஒருவர் சுட்டிருந்தால் போதும், சுட்ட அதிகாரிகளைக் கேள்வி கேட்க விசாரணை ஆணையமே வந்திருக்காது. செத்தவர்கள் அத்தனை பேரும் கலகக்காரர்கள் என்று கோப்பு மூடப்பட்டிருக்கும். சுடப்பட்டவர்கள் வெறுங்கையோடு நின்றதுதான் பின்னால் அவர்களுக்காகப் பேச எங்களுக்குக் கிடைத்த முதல் ஆதாரம்.

1942 ஆகஸ்டில் திருவாடானைச் சிறையை மக்கள் கூட்டம் உடைத்து விடுதலைப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையை வெளியே கொண்டுவந்ததே, அதில் வேலை செய்தது கூட்டத்தின் எண்ணிக்கை. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நோக்கத்தோடு வந்ததால் அன்று அந்தச் சிறைக் காவலர்களால் தடுக்க முடியவில்லை. ஆனால் எண்ணிக்கை எப்போதும் காப்பாற்றிவிடாது. அதே நாட்களில் தேவகோட்டையில் நீதிமன்றம் எரிந்தது, போலீஸ் சுட்டதில் பலர் இறந்தார்கள், பின்னால் ஊர் ஊராக அடக்குமுறை நடந்தது. எரிகா செனோவெத், மரியா ஸ்டீபன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1900 முதல் 2006 வரை உலகில் நடந்த எதிர்ப்பு இயக்கங்களைக் கணக்கெடுத்தார்கள். ஆயுதமில்லாத இயக்கங்களில் 53 சதவீதமும் ஆயுதம் ஏந்தியவற்றில் 26 சதவீதமும் வென்றன என்றார்கள். எதை ஓர் இயக்கம் என்று எண்ணுவது, எதை வெற்றி என்பது என்று இதில் சர்ச்சை உண்டு, ஆகவே இதை முடிந்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் துப்பாக்கி இல்லாமல் கொடுங்கோலனை இறக்க முடியாது என்ற கூற்று தவறு என்று காட்ட இது தாராளமாகப் போதும்.

துப்பாக்கி இருந்தும் சுதந்திரம் வராதவர்களைப் பார்க்க வேண்டுமா? நரிக்குறவர்களைப் பாருங்கள். தமிழ்நாட்டில் பல தலைமுறைகளாக நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அவர்கள். கொக்கு, காடை சுட்டுப் பிழைத்தார்கள். அந்தத் துப்பாக்கி அவர்களுக்கு ஒரு வீட்டுமனையையோ, பள்ளியில் ஓர் இடத்தையோ, ரயில் நிலையத்தில் போலீஸ்காரரின் மரியாதையான ஒரு வார்த்தையையோ வாங்கித் தந்ததா? 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் வேட்டையும் போயிற்று, ஊசி மணி பாசி மிஞ்சியது. பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் சட்டம் நடைமுறைக்கு வர 2023 ஆயிற்று. சாதிச் சான்றிதழ் என்ற அந்தத் துண்டுக் காகிதம் அவர்கள் பிள்ளைகளுக்குத் திறந்துவிடும் கதவை எந்தத் துப்பாக்கிக் குழலும் திறந்ததில்லை.

இதற்காக அமெரிக்கர்களின் வரலாற்றை மட்டமாகப் பேச நான் விரும்பவில்லை. 1791-இல் அவர்கள் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசும் இரண்டாவது திருத்தத்தைத் தங்கள் அரசியலமைப்பில் சேர்த்தபோது, நிரந்தரப் படை வைத்திருக்கும் அரசன் மீதான பயம் உண்மையானது. அது தனிமனித உரிமைதான் என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2008-இல்தான், அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில். அடிமைத்தனம் ஒழிந்த கையோடு 1865-இல் மிசிசிப்பி மாநிலம், விடுதலை பெற்ற கறுப்பர்கள் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. வெள்ளை வெறியர்கள் வீடு தேடி வந்த காலத்தில், கையில் துப்பாக்கி வைத்திருந்து உயிர் பிழைத்த கறுப்புக் குடும்பங்கள் உண்டு. அந்த இடத்தில் உங்கள் நண்பர் சொல்வது சரி, ஒரு சாராரிடம் மட்டும் ஆயுதத்தைப் பறிப்பது அடிமைத்தனத்தின் அடையாளம். நம் 1878-ஆம் ஆண்டுச் சட்டமும் அதேதான். ஆனால் அங்கிருந்து, எல்லோரிடமும் ஆயுதம் இருந்தால் எல்லோரும் விடுதலை என்று தாண்டிவிட முடியாது. 1967-இல் கலிபோர்னியாவில் கருஞ்சிறுத்தைகள் அமைப்பினர் சட்டப்படியே துப்பாக்கி ஏந்தித் தெருவில் நின்றார்கள், உடனே அதைத் தடுக்கச் சட்டம் வந்தது. 2016-இல் மின்னசோட்டாவில் பிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பர், காரை நிறுத்திய போலீஸிடம் தன்னிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருப்பதை அவராகவே சொன்னார். அடுத்த சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். உரிமை ஏட்டில் எல்லோருக்கும் ஒன்று, தெருவில் ஆளுக்கு ஆள் வேறு. அந்த வேறுபாட்டைத் துப்பாக்கி சரிசெய்யவில்லை.

எண்களையும் பார்த்துவிடுவோம். 2017-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி அமெரிக்காவில் 100 பேருக்குச் சுமார் 120 துப்பாக்கிகள், ஏமனில் 53, சுவிட்சர்லாந்தில் 28, இந்தியாவில் 5, ஜப்பானில் ஒன்றுக்கும் கீழே. ஜப்பான்காரருக்குப் பேச்சுரிமையும் வாக்குரிமையும் இருக்கின்றன. ஏமன்காரர் உள்நாட்டுப் போரில் சிக்கிக் கிடக்கிறார். துப்பாக்கி எண்ணிக்கைக்கும் சுதந்திரத்துக்கும் நேர்க் கணக்கு இல்லை என்பது இதிலிருந்து உறுதி. துப்பாக்கிதான் சுதந்திரத்தைக் கெடுக்கிறது என்று இதை வைத்து நிரூபிக்க முடியாது, சுவிட்சர்லாந்து அதற்கு இடம் கொடுக்காது. தற்காப்புக்காக வருடத்துக்கு எத்தனை முறை அமெரிக்கர்கள் துப்பாக்கியைப் பயன்படுத்துகிறார்கள் என்பதில், சில பத்தாயிரம் என்பவரிலிருந்து இருபது லட்சத்துக்கு மேல் என்பவர்வரை இருக்கிறார்கள். அவ்வளவு அகலமான வித்தியாசம் உள்ள எண்ணை வைத்து யார் வாதாடினாலும் நம்பாதீர்கள்.

சர்ச்சை குறைவாக உள்ள எண் வேறொன்று, உங்கள் இரண்டாவது கேள்விக்கு அதுதான் முக்கியம். 2022-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 48,000 பேர். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. கலிபோர்னியாவில் கைத்துப்பாக்கி வாங்கியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு, வாங்காதவர்களைவிட அவர்கள் துப்பாக்கியால் தம்மைத் தாமே முடித்துக்கொள்வது பல மடங்கு அதிகம் என்று 2020-இல் சொன்னது. நம் கிராமங்களில் பூச்சிமருந்து எப்படியோ, அங்கே துப்பாக்கி அப்படி. ஒரு கெட்ட இரவில் எட்டும் தூரத்தில் எது இருக்கிறது என்பது உயிரைத் தீர்மானிக்கிறது. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்த பிறகு தற்கொலை பெருமளவு குறைந்தது. ஆச்சி போன பிறகு, பிள்ளைகள் கடல் கடந்து இருக்க, முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை ஒற்றை ஆளாக நடமாடும் ஒரு முதியவர் கைக்கு எட்டுகிற இடத்தில் நான் துப்பாக்கியை வைக்க மாட்டேன். உங்கள் அப்பச்சி மனதிடம் உள்ளவராகவே இருக்கட்டும், அப்போதும் இதைத்தான் சொல்வேன்.

திருட்டுக்கு அது உதவுமா? நான் பார்த்த வழக்குக் கட்டுகளில், தனியாக இருக்கும் முதியவர்களைத் தாக்கியவர்கள் பெரும்பாலும் வீட்டை அறிந்தவர்கள். வேலைக்கு வந்தவர், வெள்ளை அடிக்க வந்தவர், பழைய மரச்சாமான் கேட்டு வந்தவர். பகலில், பேச்சுக் கொடுத்துக்கொண்டே உள்ளே வருகிறார்கள். விதிப்படி பூட்டி வைத்த துப்பாக்கியை எடுத்துத் தோட்டா போடும் நேரம் அந்த மனிதருக்குக் கிடைப்பதில்லை. வீட்டில் துப்பாக்கி இருப்பது தெரிந்தால் அதுவும் நகையோடு சேர்ந்து போகும். மனுக்களில் எல்லோரும் "உயிருக்கு ஆபத்து" என்று எழுதுகிறார்கள். உட்கார வைத்துப் பேசினால் பங்காளி நிலத்தகராறு, கோவில் முதல் மரியாதை, ஊரில் ஒரு கெத்து என்று வெளியே வரும். தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், அது தங்களுக்கு அவமானம் என்று வந்து வருத்தப்படுவார்கள். ஆளைப் பார்த்து முடிவு செய்யாமல் எல்லோரிடமும் கண்மூடித்தனமாக வாங்கக் கூடாது என்று உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருப்பது உண்மை, அந்த வாதத்தை நானும் வைத்திருக்கிறேன். ஆனாலும் ஊரே பயமில்லாமல் ஓட்டுப் போடும் ஒரு நாளுக்காகத் துப்பாக்கிகள் உள்ளே போக வேண்டியிருக்கிறது என்பதை என்னால் மறக்க முடிவதில்லை.

ஆகவே, தம்பி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதல் வேலை, ஐயாவின் துப்பாக்கி. உரிமம் அவர் பெயரில் இருந்து அவர் காலமாகிவிட்டால், அது வீட்டில் கிடப்பதே சட்டப்படி குற்றமாகிவிடும். உடனே போலீஸ் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கச் சொல்லுங்கள். பழைய லைசென்ஸ் புத்தகம் கிடைத்தால் கூடவே எடுத்துப் போகட்டும். குடும்ப நினைவாக வேண்டுமென்றால், 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி வாரிசு உரிமம் கோரலாம். கலெக்டருக்கு மனு, போலீஸ் அறிக்கை, பயிற்சிச் சான்று, பத்திரமாக வைக்க இடம் எல்லாம் வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம், மேல்முறையீடும் உண்டு. பாதுகாப்புக்கு என்றால் அந்தப் பணத்தை முகப்புக் கதவு, கேமரா, இரவில் துணைக்குப் படுக்க நம்பகமான ஓர் ஆள் என்று செலவழியுங்கள். வேலைக்கு வருபவர்களின் ஆதார் நகலும் போன் எண்ணும் உங்களிடம் இருக்கட்டும். மூத்தோர் தனியாக இருக்கும் வீடு என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, ரோந்துக்கு வரும்போது பார்த்துப் போகச் சொல்லுங்கள். அப்புறம் தினமும் ஒரே நேரத்தில் அப்பச்சிக்குப் போன் செய்யுங்கள், எடுக்கவில்லை என்றால் யார் போய்க் கதவைத் தட்டுவது என்று அடுத்த வளவுக்காரரிடம் இப்போதே பேசி வையுங்கள்.